ஓடாமல் தேயும் வண்டி

மாடல் 1995. ஓடோமீட்டரில் 1,30,000 கிலோமீட்டர். அமெரிக்காவில் கைமாறும் பழைய டீசல் மோட்டார்ஹோம்களில் இப்படியொரு கணக்கைப் பார்ப்பது சகஜம். நம் ஊரில் நெடுந்தூரம் ஓடும் லாரி இந்தத் தூரத்தை இரண்டு வருடத்துக்குள் முடித்துவிடும். முப்பது வருடத்தில் இவ்வளவுதான் ஓடியிருக்கிறது என்றதும் வாங்குபவருக்கு வாயெல்லாம் பல். இன்ஜின் புதிது போலவே இருக்கும் என்று கணக்குப் போடுகிறார். இன்ஜின் அப்படித்தான் இருக்கும், அதில் சந்தேகமில்லை. கவலைப்பட வேண்டியது மற்றவற்றைப் பற்றி.

சினிமா படப்பிடிப்பில் நடிகர்களுக்காக நிற்கும் கேரவனைப் பார்த்தவர்களுக்கு மோட்டார்ஹோமுக்குள் என்ன இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிவறை, ஏசி எல்லாம் உண்டு. பஸ் அளவுள்ள பெரிய வகைகளில் டீசல் இன்ஜின் பின்பக்கம் இருக்கும். எடை பத்துப் பன்னிரண்டு டன்னைத் தொடும். பணி ஓய்வு பெற்றவர்கள்தான் இவற்றை அதிகம் வைத்திருக்கிறார்கள். கோடையில் ஒரு பயணம், மிச்ச மாதங்களில் வீட்டோரம் நிறுத்தம். அவர்களில் பலருக்கு என்றாவது ஒருநாள் அலாஸ்கா வரை ஓட்டிப்போக வேண்டும் என்று ஆசை.

அந்த ஆசைக்கு வழி போட்டது இரண்டாம் உலகப் போர். ஜப்பான் படையெடுக்கும் என்ற அச்சத்தில் அமெரிக்க ராணுவம் 1942இல், எட்டே மாதத்தில், கனடாவின் காடுகளை வெட்டி அலாஸ்கா நெடுஞ்சாலையை அமைத்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் டாசன் கிரீக்கில் தொடங்கி அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷனில் முடியும் இந்தச் சாலை இன்று 2,200 கிலோமீட்டர் சொச்சம். இப்போது முழுக்கத் தார் போட்டுவிட்டார்கள். ஆனால் அலாஸ்கா-யூகான் எல்லையோரம் சாலைக்கு அடியில் இருப்பது நிரந்தரமாக உறைந்த மண். அது இளகும் இடத்தில் சாலை உட்காரும், உறையும் இடத்தில் எழும்பும். மேடுபள்ளம் அலையலையாக வரும்; ஒவ்வொரு வருடமும் செப்பனிட்டாலும் தீராது.

அதற்கும் வடக்கே போகிறவர்களுக்கு டால்டன் நெடுஞ்சாலை இருக்கிறது. எண்ணெய்க் குழாய் பதிப்பதற்காக 1974இல் போட்ட 666 கிலோமீட்டர் சாலை, பெரும்பகுதி சரளை. வழியில் கோல்ட்ஃபுட் என்றொரு இடத்தில் டீசல் கிடைக்கும். அதை விட்டால் ஆர்க்டிக் கரையோரம் உள்ள டெட்ஹார்ஸ் வரை 386 கிலோமீட்டருக்குப் பங்க் கிடையாது, ஒர்க்‌ஷாப் கிடையாது, போன் சிக்னலும் கிடையாது.

இந்தப் பயணத்துக்குப் பழைய வண்டியைத் தயார் செய்பவர்கள் முதலில் பேசுவது சோலார் பேனல், லித்தியம் பேட்டரி, சாட்டிலைட் இணையம் என்று மேல்மாடிச் சாமான்களைப் பற்றி. எனக்கு இதில் உடன்பாடில்லை. வண்டியை நடுவழியில் நிறுத்தப்போவது ஓடித் தேய்ந்த பாகம் அல்ல. முப்பது வருடம் சும்மா நின்றதால் கெட்டுப்போன ரப்பரும், எங்கெங்கோ சேர்ந்த தண்ணீரும், டேங்கின் அடியில் படிந்த கசடும்தான். ஓட்டம் இரும்பைத் தேய்க்கிறது. நிறுத்தம் மற்ற எல்லாவற்றையும் தேய்க்கிறது.

இன்ஜினை ஏன் அவ்வளவு நம்பலாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து மோட்டார்ஹோம்கள் பலவற்றில் இருப்பது கம்மின்ஸ் பி வரிசை, ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர். இதே குடும்பத்து இன்ஜின்களை ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் தயாரித்திருக்கிறது. நம் சாலைகளில் டாடா லாரிகளுக்குள் அவை உறுமியிருக்கின்றன. உள்ளே இழுத்த காற்றைச் சுமார் பதினேழு மடங்கு அழுத்தினால் அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதற்குள் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக் வேண்டாம். 1998க்கு முந்தைய, சிலிண்டருக்கு இரண்டு வால்வு உள்ள வகையில் எவ்வளவு டீசல், எந்த நொடியில் என்பதைத் தீர்மானிப்பதும் முழுக்க இயந்திர பம்ப்தான். கம்ப்யூட்டர் இல்லை.

ஓடத் தொடங்கிவிட்டால் இந்த இன்ஜினுக்கு மின்சாரம் தேவைப்படுவது ஒரே ஒரு இடத்தில். டீசலைத் திறந்து வைத்திருக்கும் சோலனாய்டுக்கு 12 வோல்ட் வர வேண்டும். அதுவும் நின்றுபோனால், பெரிய போஷ் பம்ப் உள்ள வண்டிகளில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நெம்புகோலை மேலே தூக்கிக் கம்பியால் கட்டிவிட்டு ஊர் போய்ச் சேரலாம். சாவியைத் திருப்பினால் இன்ஜின் நிற்காது, கம்பியை அவிழ்த்தால்தான் நிற்கும் என்பது மட்டும் நினைவில் இருக்க வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத சாலையில் இந்த எளிமைக்கு விலையே இல்லை.

இந்த நல்ல இன்ஜினுக்கும் ஒரு குறை உண்டு. முன்பக்கம் டைமிங் பல்சக்கரங்களை மூடியிருக்கும் உறையைச் சரியான இடத்தில் பொருத்துவதற்காகச் சிறிய எஃகு முளை ஒன்றைத் துளையில் அடித்திருப்பார்கள். சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. வருடக்கணக்கான அதிர்வில் அது மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து, ஒருநாள் பல்சக்கரங்களுக்கு நடுவே விழும். பல் உடையலாம், உறை பிளக்கலாம், இன்ஜினே போகலாம். அமெரிக்க மெக்கானிக்குகள் இதற்குக் கொலைகார முளை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லா இன்ஜினிலும் விழுவதில்லை. விழுகிற இன்ஜின் முன்கூட்டிச் சொல்வதும் இல்லை. முன் உறையைக் கழற்றி, பக்கத்து போல்ட்டின் கீழ் ஒரு தகட்டை மாட்டி முளையின் வாயை அடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. முந்தைய சொந்தக்காரர் இதைச் செய்ததற்கு ரசீது இல்லையென்றால், செய்யவில்லை என்றே வைத்துக்கொள்வது நல்லது.

இனி டீசல். டேங்க் பாதி காலியாக மாதக்கணக்கில் நின்றால் பகலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது ஈரக்காற்று உள்ளே வரும். அந்த ஈரம் டேங்கின் சுவரில் வியர்த்து அடியில் இறங்கித் தேங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் அந்த மெல்லிய எல்லையில் உயிர்கள் குடியேறுகின்றன. ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சைக்கு மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்றே பட்டப்பெயர். அதற்கு உணவு டீசலின் ஹைட்ரோகார்பன், குடிக்க அடித்தண்ணீர், மூச்சுக்கு டீசலில் கரைந்துள்ள ஆக்ஸிஜன். விமான எரிபொருள் டேங்குகளிலும் இது வளர்ந்து தொல்லை கொடுத்ததுண்டு. வளர்ந்து செத்துப் படியும்போது வழுவழுப்பான கரும்பழுப்புச் சேறாகிறது. அது வெளியிடும் அமிலம் டேங்கையும் அரிக்கிறது.

இந்தச் சேறு வீட்டோரம் நிற்கும்வரை யாருக்கும் தெரியாது. நல்ல தார்ச்சாலையில் நூறு கிலோமீட்டர் போய்வந்தாலும் தெரியாது. யூகானின் மேடுபள்ளத்தில் டேங்க் குலுங்கியதும் இருபது வருடக் கசடு ஒரே நாளில் கிளம்பும். ஏற்றத்தில்தான் இன்ஜின் அதிக டீசல் கேட்கும். அடைத்த ஃபில்டர் கொடுக்க மறுப்பதும் அங்கேதான். சமவெளியில் நன்றாக ஓடிய வண்டி மலையில் மூச்சுவாங்கினால் இன்ஜின் இறங்கிவிட்டது என்று பயப்பட வேண்டாம். முதலில் ஃபில்டரைப் பாருங்கள். அதைவிட, கிளம்புவதற்கு முன்பே டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடி அளவு டீசலை எடுத்து ஒரு இரவு வைத்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். நடுவில் ஆடை மாதிரி ஒரு படலம் தெரிந்தால் டேங்கைக் காலி செய்து கழுவியே ஆக வேண்டும். பூஞ்சைக்கொல்லி ஊற்றினால் மட்டும் போதாது. கொன்ற பூஞ்சையும் ஃபில்டரைத்தான் அடைக்கும்.

டீசலே மாறிவிட்டது என்பது இன்னொரு சிக்கல். இந்த வண்டிகள் தயாரான காலத்தில் அமெரிக்கச் சாலை டீசலில் பத்து லட்சத்துக்கு 500 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். 2006 முதல் அது 15 பங்காகக் குறைந்தது. காற்றுக்கு நல்லது. ஆனால் கந்தகத்தை நீக்கும் அதே சுத்திகரிப்பு, டீசலுக்கு இயல்பாக இருந்த வழவழப்பைத் தந்த சேர்மங்களையும் நீக்கிவிடுகிறது. அதை ஈடுகட்டுவதற்கான மருந்தை விநியோகத்துக்கு முன்பே கலந்துவிடுகிறார்கள் என்பதால் பம்ப் தேய்ந்துவிடும் என்று பதற வேண்டியதில்லை. ரப்பரைப் பற்றித்தான் கவலை. பழைய டீசலில் இருந்த நறுமணச் சேர்மங்களை உறிஞ்சி உப்பிக்கிடந்த பழைய நைட்ரைல் ரப்பர் சீல்கள், அவை குறைந்த டீசல் வந்ததும் சுருங்குகின்றன. சுருங்கிய இடத்தில் கசிவு.

கசிவு என்றால் கீழே சொட்ட வேண்டும் என்பதில்லை. பின்பக்கம் இன்ஜின் உள்ள வண்டியில் டேங்க் பெரும்பாலும் முன்பக்கமோ நடுவிலோ இருக்கும். அங்கிருந்து ஏழெட்டு மீட்டர் தூரத்துக்கு டீசலை உறிஞ்சித்தான் கொண்டுவர வேண்டும். உறிஞ்சும் குழாயில் வெடிப்பு விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டுக்கூட இருக்காது. இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் செல்ஃப் அடித்து அடித்துத்தான் ஸ்டார்ட் ஆகும். பேட்டரி மீது பழி விழும். இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் செய்வது எளிமையான வேலை. ஃபில்டருக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற தெளிவான டியூபைத் தற்காலிகமாக மாட்டிவிட்டு இன்ஜினை ஓட விடுவார்கள். குமிழிகள் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தால் பழைய குழாய்கள் அத்தனையையும் மாற்ற வேண்டியதுதான். ஒன்றை மாற்றி ஒன்றை விட்டால் அடுத்தது டால்டனில் வெடிக்கும்.

ஃபில்டர் மாற்றுவதை ஓட்டுபவரே கற்றுக்கொள்ள வேண்டும், அதுவும் வீட்டிலேயே. புது ஃபில்டரை மாட்டியதும் குழாயில் காற்று நிற்கும். டீசல் பம்ப் காற்றை அழுத்தப் பார்க்கும். காற்று சுருங்கும், நாசில் திறக்காது. இன்ஜினின் பக்கவாட்டில் உள்ள சின்ன பம்பில் ரப்பர் பொத்தான் ஒன்று இருக்கும். ஃபில்டர் தலைப்பில் உள்ள ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு அதைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரையாக வரும், பிறகு துப்பித் துப்பி வரும், கடைசியில் குமிழியில்லாமல் ஒரே சீராக வரும்போது ஸ்க்ரூவை இறுக்கலாம். கட்டைவிரல் ஒரு நாள் வலிக்கும். கையில் நாலைந்து ஃபில்டர் இருக்கட்டும். ஒன்று அடைத்தால் அடுத்ததும் சீக்கிரம் அடைக்கும்.

அடுத்தது சூடு. முன்பக்கம் இன்ஜின் உள்ள லாரிக்கு ஓடும் வேகத்திலேயே காற்று ரேடியேட்டரில் மோதும். பின்பக்க ரேடியேட்டருக்கு அந்த வசதி இல்லை; ஃபேன் தள்ளும் காற்றுதான் கதி. இதில் வடிவமைப்பாளர்கள் ஒரு வேடிக்கை செய்திருக்கிறார்கள். இன்ஜினின் அடிவயிற்றில் சேரும் வாயுவை வெளியேற்றும் மூச்சுக்குழாயை, பல வண்டிகளில், ஃபேனுக்கு முன்னாலேயே முடித்துவிட்டார்கள். அதிலிருந்து வரும் எண்ணெய்ப் புகையை ஃபேன் இழுத்து ரேடியேட்டரின் உள்முகத்தில் அப்பும். பின்சக்கரம் கிளப்பும் புழுதி அதில் ஒட்டும். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் ரேடியேட்டர் பளிச்சென்று இருக்கும். உள்பக்கம், ஃபேனுக்கும் அதற்கும் நடுவே, விரல் நுழையாத இடத்தில், கம்பளி போர்த்தியிருக்கும்.

படுக்கைக்கு அடியில் இருக்கும் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, உள்ளிருந்து வெளியே என்று கழுவ வேண்டும். எண்ணெய் நீக்கும் சோப்புத் திரவத்தைத் தெளித்து ஊறவிட்டு, சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் போதும். சர்வீஸ் ஸ்டேஷன் வேகத்தில் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, அழுக்கு செய்த வேலையை நாமே செய்துவிடுவோம். மூச்சுக்குழாயையும் ரேடியேட்டரைத் தாண்டி நீட்டிவிட வேண்டும். டால்டனில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புழுதி அடங்க அங்கே கால்சியம் குளோரைடு தெளிக்கிறார்கள். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் உப்பு அது. சேற்றோடு சேர்ந்து ரேடியேட்டரில் காய்ந்தால் சிமென்ட் பூச்சுதான். போகவும் வரவும் கழுவியே தீர வேண்டும்.

கூலன்ட் பச்சையாக இருக்கிறதா சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. 5.9 இன்ஜினில் சிலிண்டர்கள் வார்ப்பிலேயே குடைந்தவை. சற்றுப் பெரிய வண்டிகளில் வரும் 8.3 லிட்டர் கம்மின்ஸில் சிலிண்டர் தனிக் குழல். அதன் வெளிச்சுவரில் நேராகக் கூலன்ட் படும். ஒவ்வொரு முறை டீசல் பற்றும்போதும் பிஸ்டன் தட்டி, அந்தக் குழல் கோயில் மணி போல அதிரும். சுவர் ஒரு இம்மி உள்வாங்கும் கணத்தில் அதையொட்டிய திரவத்தின் அழுத்தம் சரிந்து நுண்ணிய ஆவிக்குமிழிகள் பிறக்கும். சுவர் திரும்பி வரும்போது அவை நொறுங்கும். கப்பலின் சுழல்விசிறிகளைத் துளைத்த இதே நிகழ்வைப் புரிந்துகொள்ள, குமிழி நொறுங்கும்போது எவ்வளவு அழுத்தம் பிறக்கும் என்று 1917இல் லார்ட் ராலே கணக்கிட்டார். இரும்பைக் குழியாக்கும் அளவுக்கு அழுத்தம் பிறக்கிறது. குழி ஆழமாகி ஒருநாள் சிலிண்டருக்குள் தண்ணீர் வந்துவிடும். கூலன்டில் கலக்கும் நைட்ரைட் இரும்பின்மேல் மெல்லிய காப்புப் படலம் போடுவதால்தான் இது நடக்காமல் இருக்கிறது. நைட்ரைட் காலத்தில் தீர்ந்துபோகும். தீர்ந்துவிட்டதா என்று காட்டும் காகிதப் பட்டைகள் உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கின்றன. தோய்த்து நிறம் பார்க்க ஒரு நிமிடம் ஆகும்.

கூலன்ட் ஓடும் ரப்பர் குழாய்கள் வெளியிலிருந்து கெடுவதில்லை, உள்ளிருந்து கெடுகின்றன. ஒரு பக்கம் இன்ஜினின் இரும்பு, மறுபக்கம் ரேடியேட்டரின் வேறு உலோகம், நடுவே மின்சாரம் கடத்தும் திரவம். இந்தச் சின்ன மின்வேதி விளையாட்டில் குழாயின் உட்சுவரில் நீளவாக்கில் நுண்வெடிப்புகள் விழுகின்றன. வெளிப்பக்கம் புத்தம்புதிதாக மின்னும். கிளாம்புக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் அமுக்கிப் பாருங்கள். நடுப்பகுதியைவிட அங்கே தொளதொளவென்று இருந்தால் ஆயுள் முடிந்தது. பத்து வயதைத் தாண்டிய குழாய் என்றால் அமுக்கிப் பார்க்கும் வேலைகூட வேண்டாம், மாற்றிவிடலாம்.

ரப்பரின் கதை டயரில்தான் முழுமையாகத் தெரியும். தரையோரக் காற்றிலும் கொஞ்சம் ஓசோன் இருக்கிறது. ரப்பர் மூலக்கூறுச் சங்கிலியின் இரட்டைப் பிணைப்பை அது வெட்டும்; இழுபட்டு நிற்கும் இடத்தில் வெடிப்பு விரியும். இதைத் தடுக்க டயர்க் கலவையில் மெழுகும் ஓசோன் எதிர்ப்பு மருந்தும் சேர்க்கிறார்கள். டயர் உருளும்போது வளைந்து நெளிவதால் இந்த மருந்து உள்ளிருந்து மேற்பரப்புக்குக் கசிந்து புதிய காப்பாகிறது. நிற்கும் டயரில் அந்தக் கசிவு மந்தமாகிவிடும். அதாவது, ஓடும் டயர் தன்னைத் தானே பூசிக்கொள்கிறது. நிற்கும் டயர் பட்டனில் ஆழம் குறையாமலே செத்துப்போகிறது.

எனவே பழைய மோட்டார்ஹோமின் டயரில் பார்க்க வேண்டியது பட்டனை அல்ல, தேதியை. பக்கச்சுவரில் உள்ள குறியீட்டின் கடைசி நாலு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். சில சமயம் அந்தப் பக்கம் உள்நோக்கி இருக்கும். வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். விற்பவர் புது டயர் என்று சொன்னாலும் படுத்துப் பாருங்கள். மிஷலின் போன்ற கம்பெனிகள் பத்து வருடத்தைக் கடைசி எல்லையாக வைக்கின்றன. இவ்வளவு தனிமையான சாலைக்கு நான் ஏழோடு நிறுத்திக்கொள்வேன்.

தேதி பார்த்தால் மட்டும் போதாது, எடையும் போட வேண்டும். சாப்பாடு, கருவி, படகு, சைக்கிள் எல்லாம் ஏற்றி, டீசலும் தண்ணீரும் நிரப்பி, எடை மேடைக்குப் போக வேண்டும். 380 லிட்டர் தண்ணீர் டேங்க் என்றால் அதுவே 380 கிலோ. அச்சு அச்சாக, முடிந்தால் சக்கரம் சக்கரமாக எடை எடுத்து, டயர்க் கம்பெனியின் அட்டவணைப்படி காற்று நிரப்ப வேண்டும். காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் அதிகம் மடங்கும். மடங்கும் ரப்பர் வாங்கிய ஆற்றலில் ஒரு பகுதியைச் சூடாக வைத்துக்கொள்ளும். சூட்டில் அடுக்குகள் பிரியும். டால்டனுக்கு இரண்டு ஸ்டெப்னி எடுத்துப்போகச் சொல்கிறார்கள் அங்குள்ள நில நிர்வாகத் துறையினர். பல மோட்டார்ஹோம்களில் ஒரு ஸ்டெப்னிகூட இல்லை என்பது தொழிற்சாலைக்காரர்கள் செய்த அநியாயம்.

ஏர் பிரேக்கின் எதிரி தண்ணீர். காற்றை எட்டு மடங்கு அழுத்தினால் அதிலுள்ள ஈரத்துக்கு இடம் போதாது; காற்று டேங்கின் அடியில் தண்ணீராகப் பிரியும். ஈரம் உறிஞ்சும் டிரையரின் குப்பியை மாற்றாவிட்டால் அந்தத் தண்ணீர் வால்வுகளுக்குப் போகும். அலாஸ்காவின் மலைக்கணவாயில் ஆகஸ்டிலேயே பனி விழலாம். உறைந்த வால்வு சொன்னபடி கேட்காது. டேங்கின் அடிக்குழாயைத் திறந்து பாருங்கள். பால் நிறத்தில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து கொட்டினால் கம்ப்ரசரும் டிரையரும் கவனிப்பைக் கேட்கின்றன.

இறக்கத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு கணக்குப் போடலாம். பதினோரு டன் வண்டி 600 மீட்டர் உயரத்திலிருந்து வேகம் ஏறாமல் இறங்கினால் சுமார் 65 மெகாஜூல் ஆற்றலை எங்காவது கரைத்தாக வேண்டும். 220 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. முழுவதையும் பிரேக் டிரம் வாங்கினால் டிரம் சூட்டில் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். எட்டித் தொட வேண்டிய தூரம் கூடும். ஒரு கட்டத்தில் மிதி தரையைத் தொட்டாலும் பிடிப்பு இருக்காது. அதனால்தான் சின்ன கியரும், புகைக்குழாயைத் தகட்டால் அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும். எக்ஸாஸ்ட் பிரேக்கின் தகடு பழைய வண்டிகளில் துருப்பிடித்து இறுகியிருக்கும். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும், தகடு அசையாது. ஆளை விட்டு அசைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மின்சாரத்தில் பெரும்பாலான மர்மங்களுக்குக் காரணம் எர்த். செல்ஃப் மோட்டார் 500 ஆம்பியர் இழுக்கும்போது துருவேறிய ஒரு இணைப்பில் ஆயிரத்தில் ஒரு ஓம் தடை இருந்தாலே அரை வோல்ட் போய்விடும். அப்படி மூன்று இணைப்பு இருந்தால் நல்ல பேட்டரியும் கெட்ட பேட்டரியாகத் தெரியும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னால், தொலைந்த வோல்ட் திரையில் தெரிந்துவிடும். புது பேட்டரி வாங்கும் முன் உப்புத்தாளும் ஸ்பேனரும் எடுங்கள்.

வீட்டுப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே சமையலுக்கும் ஹீட்டருக்கும் புரொப்பேன். மைனஸ் 42 டிகிரி வரை அது வாயுவாக மாறும். பியூட்டேன் கலந்த நம் சமையல் சிலிண்டர் அந்தக் குளிரில் திணறும். பழைய ஃபிரிட்ஜ் 1922இல் ஸ்டாக்ஹோமில் இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறையில், அம்மோனியாவையும் ஹைட்ரஜனையும் வைத்து, கம்ப்ரசர் இல்லாமல் சுடரிலேயே குளிரூட்டும். அழகான யோசனை, ஆனால் முப்பது வயதுக் குழாய் துருப்பிடித்துக் கசிந்தால் தீப்பிடிக்கும். கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கும் காலாவதித் தேதி உண்டு. பொத்தானை அமுக்கினால் கத்துவது பஸ்ஸர்தான். உணரி உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது சாட்சியில்லை.

இன்ஜினுக்குள் எட்டிப் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. ஓடிச் சூடான ஆயிலில் சிறு புட்டி பிடித்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினால், ஒவ்வொரு உலோகமும் வெளியிடும் ஒளியின் நிறத்தை வைத்துப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று கணக்குத் தருவார்கள். சிலிக்கான் ஏறியிருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகப் புழுதி போகிறது. சோடியமோ பொட்டாசியமோ தெரிந்தால் கூலன்ட் கசிகிறது. 1940களில் அமெரிக்க ரயில்வேக்கள் டீசல் இன்ஜின்களுக்காகத் தொடங்கிய பழக்கம் இது. மலிவான செலவு, ஒரு வாரத்தில் பதில். பழைய வண்டி வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே செய்யலாம்.

எல்லாம் மாற்றி முடித்த மறுநாளே கிளம்பிவிடக் கூடாது. புதுக் குழாயின் கிளாம்பு ஒருமுறை சூடாகிக் குளிர்ந்த பிறகுதான் தளரும். வீட்டிலிருந்து ஒரு நாள் தூரத்தில் உள்ள மோசமான சாலையைத் தேடி, முழுச் சுமையோடு ஒரு வாரம் ஓட்டிவிட்டு வர வேண்டும். கசடு கிளம்பினால் அங்கே கிளம்பட்டும், பெல்ட் கத்தினால் அங்கே கத்தட்டும். மெக்கானிக் பக்கத்தில் இருக்கும்போது வெளிப்படும் பழுது செலவு; ஆர்க்டிக்கில் வெளிப்படும் பழுது ஆபத்து.

இந்த ஊரில் யார் அலாஸ்காவுக்கு மோட்டார்ஹோம் ஓட்டப்போகிறார்கள் என்று கேட்கலாம். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் மகனுக்காகப் போர்ட்டிகோவில் கார் நிற்கும் வீடுகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பதைப் பராமரிப்பு என்று நினைக்கிறோம். அது வண்டிக்குக் கெடுதல். இன்ஜின் சூடேறும் முன்பே அணைப்பதால் எரிந்ததில் உண்டாகும் தண்ணீர் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். பேட்டரி, கொடுத்ததைத் திரும்பப் பெறாது. மாதம் ஒருமுறை எடுப்பதென்றால் முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள். அதற்கு நேரமில்லை என்றால் பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டு, சாவியைத் தொடாமல் இருங்கள்.